கொம்பனித்தெரு: ஓர் ஊரின் பெயரும் அதன் மனிதர்களும்

கொழும்பு மாநகரின் இரண்டாம் இலக்க அஞ்சல் வட்டாரத்துக்கு நீண்ட காலமாக மூன்று பெயர்கள் இருந்து வந்தன. தமிழரும் முஸ்லிம்களும் அதனைக் கொம்பனித்தெரு என்றனர். சிங்களத்திலும் அதே பொருளில் 'கொம்பஞ்ஞ வீதிய' என்றே வழங்கிற்று. ஆங்கிலத்தில் அது 'சிலேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு. அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலாயர்கள் தம் வீட்டு மொழியில் அதனைக் 'கம்போங் கெர்த்தெல்' என்றார்கள். 'கம்போங்' என்றால் கிராமம்.

2022 டிசம்பரில் அரசு ஆங்கிலப் பெயரைக் கைவிட்டு, மூன்று மொழிகளிலும் கொம்பனித்தெரு என்ற பொருள்படும் பெயரையே வழங்குவதெனத் தீர்மானித்தது. அடிமைத்தனத்தை நினைவூட்டும் பெயர் நீங்குவது நல்லதுதானே என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 'கொம்பனி' என்பது யார்? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியே அது. அடிமைகளை வாங்கி, கப்பலேற்றி, அந்தத் தீவில் அடைத்து வைத்ததும் அதே கொம்பனிதான். அடைபட்டவர்களை நினைவூட்டிய பெயர் நீக்கப்பட, அடைத்தவரின் பெயர் நிலைபெற்றது. குடியிருந்தவர்கள் தாமே இட்டுக்கொண்ட மூன்றாவது பெயரை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்த ஊரின் வரலாறு நெடுகிலும் நடந்தது இதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். உள்ளே வாழ்ந்தவர்கள் அந்தப் பெயரின் விளைவுகளைச் சுமந்தார்கள்.

அடைபட்டவர்கள் யார்?

1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். கோட்டையைச் சூழ்ந்து கிடந்த பேர வாவி அக்காலத்தில் இன்றுள்ளதைவிடப் பன்மடங்கு பெரியது. அதன் நடுவே நீர் சூழ்ந்த மேட்டு நிலமொன்று இருந்தது. பகல் முழுவதும் கோட்டையிலும் எஜமானர் வீடுகளிலும் வேலை செய்த அடிமைகள், இரவில் ஓடத்தில் ஏற்றப்பட்டு அங்கு கொண்டுபோய் விடப்பட்டனர். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரையும் அவர் மனைவியையும் அடிமைகள் கொன்ற சம்பவத்தின் பின்னரே இந்த ஏற்பாடு இறுக்கமானது என்று சொல்லப்படுகிறது. தப்பி ஓடாதிருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்ற கதையும் வழிவழியாக வந்துள்ளது.

இந்த அடிமைகள் எல்லோரும் ஆபிரிக்காவிலிருந்து வந்த காபிரிகள் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அது முழு உண்மையன்று. ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளைப் பாலி, மக்காசார் முதலிய கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், மலையாளக் கரையிலிருந்தும், சோழமண்டலக் கரையிலிருந்தும் பெற்றது. 1659 தொடக்கம் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சமும் போரும் வாட்டியபோது, நாகபட்டினம் முதலான துறைமுகங்களில் ஆயிரக்கணக்கானோர் விற்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களிற் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது இலங்கைக்கே. ஆகவே, கொழும்பில் கொம்பனியின் அடிமைகளாய் இருந்தவர்களுள் தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள். நமது மொழியின் வரலாற்றில் இந்தப் பக்கம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. அடிமைத்தீவு என்ற பெயரை வேறு யாருடையதோ என்று எண்ணி நாம் விலகி நிற்க முடியாது.

1796இல் பிரித்தானியர் வந்தனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஆனால் ஆங்கிலப் பெயர் மட்டும் மேலும் 178 வருடங்கள் வாழ்ந்தது.

தோட்டமும் படைமுகாமும்

பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில், இன்று பேராதனையில் உள்ள தாவரவியல் பூங்காவின் முன்னோடி அமைந்தது இங்கேதான். 1810களின் தொடக்கத்தில் இலண்டனின் 'கியூ' பூங்காவின் பெயரால் ஒரு தோட்டம் இடப்பட்டது. வாவி பெருகினால் நீரில் மூழ்கும் நிலம் அது. எனவே சில ஆண்டுகளுள் தோட்டம் களுத்துறைக்குச் சென்று, 1821இல் பேராதனையில் நிலைபெற்றது. கியூ வீதி என்ற பெயர் மட்டும் இங்கு எஞ்சியது. இந்த வட்டாரத்தின் வீதிப் பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் அவையே ஒரு வரலாற்று நூல்: மலே வீதி, ஜாவா ஒழுங்கை, றைபிள் வீதி, கியூ வீதி.

றைபிள் வீதி என்பது மலாயப் படையணியின் நினைவு. ஒல்லாந்தர் காலத்தில் நாடு கடத்தப்பட்ட ஜாவா அரச குடும்பத்தினர், அவர்களது பரிவாரங்கள், கூலிப்படையினர் எனப் பலவாறாக வந்து சேர்ந்த மலாயரைப் பிரித்தானியர் தம் படையிற் சேர்த்தனர். அதுவே பின்னர் இலங்கை றைபிள் படைப்பிரிவு எனப்பட்டது. படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம் கொம்பனித்தெருவும் அதன் சுற்றுப்புறமும். ஆனால் மலாயரின் வேர் படைமுகாமுக்கும் முந்தியது. பண்டான் பாலி என்ற மலாயர் வழங்கிய நிலத்தில் வேகந்தப் பள்ளிவாசல் எழுந்தது 1786இல். அப்போது கொழும்பில் இன்னும் ஒல்லாந்தக் கொடியே பறந்தது. அடிமைகளின் தீவு என்று ஆள்வோர் அழைத்த அதே நிலத்தில், ஒரு சமூகம் தன் தொழுகைக்கென இடம் ஒதுக்கி ஊராகிக்கொண்டிருந்தது.

1873இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. ஒரே நாளில் படைவீரர்கள் வேலையற்றவர்களானார்கள் என்று சொன்னால் மிகையாகாது. சிலர் பொலிசிலும், சிலர் சிறைச்சாலைக் காவலிலும், தீயணைப்புப் படையிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் வேலை தேடிக்கொண்டனர். ஓய்வூதியம் பெற்றவர்களும் விதவைகளும் கொம்பனித்தெருவிலேயே தங்கினர். படை கலைவதற்கு ஒரு வருடம் முன்னர், 1872இல், மலாயர் தமக்கென ஒரு கிரிக்கெட் கழகத்தை அமைத்திருந்தனர். அவர்கள் விளையாடிய மைதானம் 'பாடாங்' என்று மலாய் மொழியிலேயே பெயர் பெற்றது. 1922இல் அகில இலங்கை மலாயர் சங்கம் தோன்றியது.

எழுத்துலகத்தோடு தொடர்புடையவர்கள் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் என்ற மலாயர் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்னும் பத்திரிகையை அறபு எழுத்திலமைந்த மலாய் மொழியில் வெளியிட்டார். மலாய் மொழியின் முதற் பத்திரிகைகளுள் ஒன்றாக, பலரால் முதலாவதாகவே, அது கொள்ளப்படுகிறது. சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' 1882இல் வெளிவருவதற்கு 13 வருடங்கள் முந்தியது. நாம் அறபுத்தமிழைப் போற்றுகிறோம். அதே அறபு எழுத்தில் இன்னொரு மொழியையும் எழுதிப் பதித்த ஒரு சிறு சமூகம் நம் பக்கத்து ஒழுங்கையில் இருந்ததை நமது இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளுடன் கடந்துவிடுகின்றன.

ஒழுங்கைகளின் வாழ்வு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புத் துறைமுகம் பெருகியது. கோப்பியும் பின்னர் தேயிலையும் வாவியின் வழியாகப் பாதைப் படகுகளிற் களஞ்சியங்களுக்கும் துறைமுகத்துக்கும் சென்றன. 1866இல் தொடங்கிய ஐஸ் கொம்பனியே பின்னர் யானைச் சின்னம் பொறித்த சோடாப் போத்தல்களால் நாடறிந்த குளிர்சாதன நிறுவனமாயிற்று. அதன் ஆலை இங்கே இருந்தது. 1877இல் ரயில் பாதை வந்தது. எந்திரத் தொழிலகங்களும் உரக் களஞ்சியங்களும் எழுந்தன. இவற்றுக்கெல்லாம் ஆட்கள் தேவைப்பட்டனர். கூலிக்கு வேலை செய்பவன் நடந்து போகும் தூரத்திற் குடியிருக்க வேண்டும். எனவே காணிச் சொந்தக்காரர்கள் தம் வளவுகளின் பின்புறத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். ஓர் அறை, ஒரு திண்ணை, பலருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், பொதுக் கழிப்பறை. கொழும்பில் 'தோட்டம்' என்றும் 'வத்த' என்றும் இன்று இழிவாகச் சொல்லப்படும் குடியிருப்புகள் இப்படித்தான் பிறந்தன. ஏழைகள் சோம்பலால் அவற்றை உருவாக்கவில்லை. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் மலிவான கைகள் தேவைப்பட்டதால் அவை உருவாயின.

மலாயரோடு சோனகரும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும், சிங்களவரும், பறங்கியரும் அந்த வரிசைகளில் அடுத்தடுத்துக் குடியேறினர். கியூ வீதியில் முருகன் கோவிலும், சற்றுத் தள்ளி ஜெபமாலை மாதா தேவாலயமும், வாவியோரம் பௌத்த விகாரையும், நடுவே பள்ளிவாசல்களும் ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் அமைந்தன. மலாய்ப் பிள்ளை வீட்டில் மலாயும், தெருவில் சிங்களமும், பள்ளிவாசலில் தமிழும் பேசி வளர்ந்தது. குத்பா தமிழில் நடந்தது. இவ்வாறு தமிழ், வேறு தாய்மொழி கொண்ட ஒரு சமூகத்தின் மார்க்க மொழியாகவும் ஆனது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. நாம் உடுக்கும் சாரம் மலாய்ச் சொல்லின் வழிவந்தது. பெருநாள் வீட்டில் கிண்டும் தொதலும் அவ்வாறே. வட்டிலாப்பம் மலாயர் வழியே வந்தது என்பது பொதுவான நம்பிக்கை. விடியற்காலையில் இடியப்பத் தட்டுகளை அடுக்கி விற்கும் பெண்களும், மாலையில் பாபத்தும் சாத்தேயும் மணக்கும் சந்திகளும், நோன்பு காலத்தில் கஞ்சிக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இந்த ஊரின் அன்றாடமாயிருந்தனர். வீடு சிறிதென்பதால் வாழ்வு ஒழுங்கைக்கு வந்தது. கலியாணப் பந்தலும் அங்கேதான். ஜனாஸாவும் அங்கிருந்தே புறப்பட்டது. ஒரு வீட்டில் மையித்து விழுந்தால் மூன்று நாளைக்கு அடுத்த வீட்டு அடுப்பே இரண்டு வீட்டுக்கும் எரியும்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

இவ்வளவும் இருந்தும், கொழும்பில் கொம்பனித்தெரு என்றால் முகஞ்சுளிக்கும் ஒரு பார்வை வளர்ந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஊர்ப்பெயரை விட்டுவிட்டு 'கொழும்பு 02' என்று மட்டும் முகவரி எழுதியவர்கள் உண்டு. கலியாணப் பேச்சில் ஒழுங்கையின் பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றுபோனதும் உண்டு.

அந்தப் பெயருக்குக் காரணமே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. துறைமுகத்தை அண்டிய எல்லா நகர்ப்பகுதிகளையும் போலவே இங்கும் கசிப்பும் சூதும் இருந்தன. 1980களில் ஹெரோயின் கொழும்புக்கு வந்தபோது, நெரிசலான ஒழுங்கைகள் அதற்கு வசதியாயின. எத்தனையோ உம்மாமார் அதனாற் பிள்ளைகளை இழந்தனர். மழை பெய்தால் கான்கள் நிரம்பி வீட்டுக்குள் வந்தன. குப்பை அகற்றப்படாமற் கிடந்தது. இவையெல்லாம் உண்மை.

ஆனால் இவற்றைச் சீர்செய்ய வழியும் இருந்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தின் பின்னர் கொழும்பின் வரிசை வீட்டுக் குடியிருப்பாளர் பலர் தாம் வாடகைக்கிருந்த அறைகளின் உரித்தாளர்களாகும் வாய்ப்பைப் பெற்றனர். 1980களில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் கீழ், மக்களை அப்புறப்படுத்தாமல் இருந்த இடத்திலேயே குழாயும் கழிப்பறையும் பாதையும் அமைத்துக் கொடுக்கும் முறை சில தோட்டங்களில் வெற்றிகரமாக நடந்தது. உரித்துக் கிடைத்தவர்கள் பலகைத் தட்டை உடைத்துச் சீமெந்து மெத்தை போட்டனர். சோலைவரி கட்டினர். உறுதிப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். நாளடைவிற் பல ஒழுங்கைகள் 'சேரி' என்ற சொல்லுக்குப் பொருந்தாத கல்வீடுகளாயின. பெயர் மட்டும் மாறவில்லை.

1983 ஜூலையில் இந்த ஊர் எரிந்ததையும் இங்கு சொல்லியாக வேண்டும். தமிழ்க் குடும்பமொன்று நடத்திய நவா, றியோ திரையரங்குகள் கொம்பனித்தெருவின் பெருமையாக விளங்கின. 1965இல் திறக்கப்பட்ட றியோ, 70 மில்லிமீற்றர் படங்களைத் திரையிட்டு நகரெங்கிலுமிருந்து மக்களை வரவழைத்தது. கலவரத்தில் றியோ எரியூட்டப்பட்டது. அயலிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல நிரந்தரமாகவே வெளியேறின. பின்னர் பல்லாண்டுகள் கரிபிடித்த சுவர்களோடு அந்தக் கட்டடம் நின்றது. அதைக் கடந்து சென்றவர்கள் ஊரின் இழிநிலைக்கு அதையும் ஓர் அத்தாட்சியாகக் கொண்டனர். எரித்தது யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரு குடியிருப்பின் மீது நடத்தப்பட்ட வன்முறையின் தழும்பே, அக்குடியிருப்பின் குற்றமாகக் காட்டப்படுவதை நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

பெயரின் விலை

யுத்தம் முடிந்த மறு வருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே 8ஆம் திகதி கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பொலிசாரும் படையினரும் சூழ்ந்து நிற்க, குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. உறுதி வைத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

தொடர்ந்து வந்த நகரப் புத்துருவாக்கத் திட்டம் கொழும்பில் 60,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை 'வசதி குறைந்த குடியிருப்பாளர்' என்று வகைப்படுத்தி, தெமட்டகொடை, வனாத்தமுல்லை போன்ற இடங்களிற் கட்டப்பட்ட தொடர்மாடிகளுக்கு மாற்ற முனைந்தது. அந்த வகைப்படுத்தலில் ஒரு நுட்பம் இருந்தது. வாவிக்கரையில் தகரக் கொட்டில் போட்டவரும், மூன்று தலைமுறையாகச் சோலைவரி கட்டிய கல்வீட்டுக்காரரும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டனர். இரண்டாமவருக்குச் சட்டப்படி நட்டஈடு கொடுக்கவேண்டியிருந்தது. ஆனால் ஊரே சேரி என்று பெயர் பெற்றுவிட்டால், அங்கிருந்து எடுப்பது பறிப்பாகத் தோன்றாது, உபகாரமாகத் தோன்றும். நீண்ட காலமாகச் சேர்ந்த கெட்ட பெயர் அப்போதுதான் உண்மையான பயனைத் தந்தது, காணி வேண்டியவர்களுக்கு.

2014ஆம் ஆண்டளவில் ஜாவா ஒழுங்கை மக்கள் தம் வீடுகளைக் கையளித்து வெளியேறினர். அங்கு இந்திய நிறுவனமொன்றுடன் இணைந்து அபிவிருத்தி நடைபெறும், அதே வட்டாரத்தில் மாடி வீடு கிடைக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. இடைக்காலத்துக்கு வாடகைப்பணம் கொடுக்கப்பட்டது. சொன்ன காலம் கடந்து பல ஆண்டுகள் அவர்கள் கொழும்பின் வாடகை வீடுகளிற் சிதறிக் கிடந்தனர். சந்தியில் 19 ஆம் நூற்றாண்டின் வேலைப்பாட்டுடன் நின்ற டி சொய்சா கட்டடம் 2021இல் இடிக்கப்பட்டது. ஐஸ் ஆலை இருந்த நிலத்தில் 2024இல் ஆடம்பர ஹோட்டலொன்று கதவு திறந்தது.

தொடர்மாடிக்குச் சென்றவர்கள் எல்லோரும் துயருற்றார்கள் என்று சொல்ல முடியாது. தனிக் கழிப்பறையும் வெள்ளம் புகாத தரையும் பலருக்கு, விசேடமாகப் பெண்களுக்கு, பெரும் ஆறுதலைத் தந்தன. ஆனால் விடியலில் இடியப்பம் விற்றவளுக்கு மாடியில் வாடிக்கையாளர் இல்லை. கோட்டைக்கு நடந்து வேலைக்குப் போனவருக்கு பஸ் செலவு சேர்ந்தது. மின்தூக்கி பழுதான நாளில் சந்தூக்கைப் படிக்கட்டு வழியே இறக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பள்ளிவாசலைச் சுற்றி 200 வருடங்களுக்கு மேலாக வாழ்ந்த ஜமாஅத் கலைந்தது. பள்ளிவாசல் இருக்கும், ஐவேளை பாங்கும் ஒலிக்கும். சுபஹுத் தொழுகைக்கு நடந்து வந்தவர்கள் ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

மலாயரைப் பொறுத்தவரை இது இன்னும் கடுமையானது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் அவர்கள் 40,000 பேருக்குச் சற்றே மேல். இவ்வளவு சிறிய சமூகத்தின் மொழி, அதைப் பேசுவோர் அருகருகே வாழும்வரைதான் வாழும். ஒழுங்கையில் பாட்டியும் பேரனும் அயல்வீட்டாரும் பேசிய மொழி, வெவ்வேறு தொடர்மாடிகளில் மூடிய கதவுகளுக்குள் எத்தனை நாள் தாங்கும்?

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதுதான் பெயர் மாற்றம் வந்தது. அடிமைத்தீவு என்ற சொல்லில் இழிவு இருந்திருக்கலாம். ஆனால் அந்த இழிவு அடிமைகளுடையதன்று, அவர்களை அடிமைகளாக்கியவர்களுடையது. இன்று வாவியோரத்தில் நடைபாதைகளும் விளக்குகளும் உண்டு. நாகபட்டினத்திலிருந்தும் பாலியிலிருந்தும் கொண்டுவரப்பட்டு ஓடத்தில் இரவுதோறும் கடத்தப்பட்டவர்களின் நினைவாக, மூன்று மொழிகளிலும் மலாயிலும் எழுதிய ஒரு கல் அங்கே நாட்டப்படவேண்டும்.

நம்மால் உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மியூஸ் வீதியிலும் ஜாவா ஒழுங்கையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று தெமட்டகொடையிலும் வத்தளையிலும் கல்கிசையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய புகைப்படங்கள் உண்டு. கலியாண அழைப்பிதழ்கள் உண்டு. எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்ற கணக்கு உண்டு. பள்ளிவாசற் பதிவேடுகளில் பெயர்கள் உண்டு. இவற்றைக் கேட்டு எழுதி அச்சேற்றுவதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. நேரமும் ஒரு கொப்பியும் போதும். அறிந்தவர்களுள் மூத்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்போமாக.